பின்னேரம் வந்த தப்பால் பை

நானுஓயாவைத் தாண்டி பஸ் வளைந்து இறங்கும்போதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது. அன்று வெள்ளிக்கிழமை. நுவரெலியாவில் நான் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்தில் வேலை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். உட்கார இடம் கிடைக்கவில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் போனை வைத்து ஒரு கட்டுரையைப் படித்தேன். எவ்வளவு நேரம் உடற்பயிற்சி செய்கிறோம் என்பது மட்டுமில்லை, நாளின் எந்த வேளையில் செய்கிறோம் என்பதும் ஆயுளைத் தொடக்கூடும் என்று அதில் இருந்தது. காலைக் குளிரில் நடப்பதைவிட, உடம்பு நன்றாகச் சூடேறியிருக்கும் பின்னேரத்தில் நடப்பது இருதயத்துக்கு நல்லதாக இருக்கலாம் என்றும், உறுதியாகச் சொல்ல இன்னும் ஆராய வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள்.

அந்த “இருக்கலாம்” என்ற சொல்லைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டுத்தான் நான் இறங்கியிருக்கிறேன். அது இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், அப்பாவை இன்னும் இருபது வருஷம் எங்களோடு வைத்துக்கொள்ள ஒரு வழி கிடைத்துவிட்டது என்பதுதான். குறுக்குப் பாதையில் ஓட்டமாக ஏறி, செருப்பைக்கூடக் கழற்றாமல் இஸ்தோப்புத் திண்ணையில் நின்று, “அப்பா, நீங்க இனிமே பின்னேரத்துலதான் நடக்கணும்” என்றேன்.

அப்பா தேத்தண்ணிக் கோப்பையோடு நிமிர்ந்து பார்த்தார். “மொதல்ல நீ உக்காரும்மா. மூச்சு வாங்குறது ஒனக்கு. நடக்க வேண்டியது நானா?”

அப்பா எங்களை விட்டுப் போய் இன்றோடு முப்பத்தொரு நாள். இந்த நினைவு மலரில் அப்பாவின் நல்ல குணங்களை எழுது, அது போதும் என்று அம்மா சொன்னார். எழுதுகிறேன். ஆனால் ஒரு கேள்வியை ஒளித்து வைத்துக்கொண்டு எழுத எனக்கு வரவில்லை. என் பேச்சைக் கேட்டு நடந்ததால் அப்பாவின் நாட்கள் கூடினவா, குறைந்தனவா? முப்பத்தொரு நாளும் இதைத்தான் நான் எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்களில் பலரிடமும் கேட்டுவிட்டேன்.

அப்பா பிறந்தது பூண்டுலோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். ஒன்பது வயதில் தகப்பனாரை இழந்தார். தாயாரோடும் ஒரு தகரப் பெட்டியோடும் டிக்கோயாவுக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்துக்கு, லயத்து வரிசை வீட்டில் தாய்மாமன் இருந்த ஓர் அறைக் காம்பராவுக்கு வந்து சேர்ந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. புல் வெட்டினார், தண்ணீர் ஓடும் கான் வெட்டினார், மருந்தடித்தார். லயத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் இந்தப் பையன்தான் வாசித்துச் சொல்கிறான் என்று ஆபிஸ் கிளாக்கருக்குத் தெரிய வந்தபோது, தப்பால் பையை அவர் தோளில் மாட்டிவிட்டார்கள். அன்றைக்கு ஏறிய பை அறுபது வயது வரைக்கும் இறங்கவில்லை.

காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களைக் கூப்பிட்டு மலைக்கு அனுப்பி முடிந்ததும் அப்பா கிளம்புவார். இறக்கத்தில் நான்கு மைல் நடந்தால் டவுன் போஸ்ட் ஆபிஸ். பையை நிரப்பிக்கொண்டு அதே நான்கு மைல் ஏற்றம். பிறகு தோட்டத்து ஆபிஸ், அப்புறம் கீழ் டிவிசன் லயங்கள், அதற்குப் பிறகுதான் மேல் டிவிசன். மழைக்காலத்தில் ரப்பர் சீட்டைப் பைக்குப் போர்த்திவிட்டு அவர் நனைந்துகொண்டு வருவார். அட்டை கடித்த கால்களோடு வாசலில் உட்கார்ந்து, முதலில் பையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் காலைப் பார்ப்பார். சிங்களத்தைப் போஸ்ட் ஆபிஸ் வாசலில் பேசிப் பேசியே கற்றுக்கொண்டார். இங்கிலீஷ் எழுத்துகளைக் கடித உறைகள் சொல்லிக்கொடுத்தன. இந்தியாவுக்குப் போய்விட்டவர்களின் கடிதங்களை எத்தனையோ பேருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். அதில் ஒரு வரியைக்கூட அம்மாவிடம் சொன்னதில்லை. “பைக்குள்ள இருக்கிறதுக்குப் பூட்டு கெடையாது. நம்ம வாய்தான் பூட்டு” என்பார்.

டிப்ளோமா படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்த கடிதமும் அந்தப் பையில்தான் வந்தது. போஸ்ட் ஆபிஸிலேயே உறையைப் பார்த்துவிட்டாராம். ஆனாலும் நேராக வீட்டுக்கு வரவில்லை. கீழ் டிவிசனை முடித்து, மேல் டிவிசனை முடித்து, கடைசியாகத்தான் எங்கள் லயத்துக்கு வந்தார். நான் அழாத குறையாகச் சண்டை பிடித்தேன். “மூணு மணித்தியாலமா இத வச்சுக்கிட்டு எப்பிடிப்பா நடந்தீங்க?”

“வரிசைப்படிதாம்மா. நம்ம லயம் தொங்கல்ல இருக்கு. அதுக்குக் கடுதாசி என்ன பண்ணும்?” என்றார். ஆனால் அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தவர் சாப்பிடவே இல்லை. அந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இனிச் சொல்லப்போவது தோட்டத்துக்கு வெளியே இருந்து இதை வாசிக்கிறவர்களுக்காக. எங்கள் பக்கத்தில் காலையில் பை வந்தால் கடிதம். பின்னேரம் பை வந்தால் தந்தி. தந்தி என்றால் பெரும்பாலும் சாவு. டவுனுக்குத் தந்தி வந்ததும் ஆபிஸுக்குச் சொல்லியனுப்புவார்கள். அப்பா அன்றைக்கு இரண்டாம் தடவையாக இறங்கி ஏறுவார். மூன்று, மூன்றரை மணிக்கு அவர் பையோடு லயத்துப் பக்கம் வந்தால் பேசிக்கொண்டிருக்கிற வாயெல்லாம் மூடிக்கொள்ளும். எந்தக் காம்பராவில் நிற்கப்போகிறார் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்பா வாசலில் நின்று தந்தியை நீட்ட மாட்டார். முதலில், “அடுப்புல ஏதும் வச்சிருக்கியாம்மா? அணைச்சிட்டு வா” என்பார். அழுகை தொடங்கினால் அடுப்பை யார் பார்ப்பார்கள் என்ற கவலை அவருக்கு. அந்தக் கேள்வியிலேயே பாதிச் செய்தி வந்துவிடும். மீதியை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துச் சொல்வார்.

தந்தி நின்று போய்ப் பல வருஷமாகிறது. இப்போது சாவும் போனில்தான் வருகிறது. அப்பாவும் பென்சன் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தார். கிழிந்த தப்பால் பையை, நீயே வைத்துக்கொள் என்று ஆபிஸில் கொடுத்துவிட்டார்கள். நடந்து நடந்தே பழகிய உடம்பு இஸ்தோப்பில் உட்கார்ந்தே கெட்டது. போன வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, சமதரையில் மெதுவாக நடக்கச் சொன்னார்கள்.

“டொக்டருக்கு ஒரு தடவ நம்ம தோட்டத்தக் காட்டணும். சமதரைன்னு இருக்கிறது துரை பங்களாப் புல்லுத்தரை ஒண்ணுதான்” என்று அப்பா சிரித்தார். நடக்கவில்லை.

நான் பஸ்ஸில் படித்த கட்டுரையோடு வந்து நின்றது அந்தச் சமயத்தில்தான்.

மறுநாள் சனிக்கிழமை. மூன்றரைக்கு அப்பாவைக் கிளப்பிவிட்டேன். சட்டை போட்டார், தொப்பி போட்டார், ஆணியில் தொங்கிய பையை எடுத்துத் தோளில் மாட்டினார். “பை எதுக்குப்பா?” என்றேன். “சும்மா கைய வீசிக்கிட்டு யாரும்மா நடப்பா? பைத்தியம்னு நெனைக்க மாட்டாங்களா?” என்றார். எங்கள் தோட்டத்தில் வெறுங்கையோடு யாரும் நடப்பதில்லை. கூடை இருக்கும், விறகு இருக்கும், தண்ணி வாளி இருக்கும், இல்லாவிட்டால் பிள்ளை இருக்கும். நானும் யோசிக்காமல் சரி என்றுவிட்டேன். போனில் நேரத்தைப் பார்த்துக்கொண்டு இருபது அடி பின்னால் நடந்தேன்.

ரோட்டுக்கு மேலே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் காம்பரா செல்லம்மா அத்தைதான் முதலில் பார்த்தார். “ஐயோ, தப்பால் அண்ணன் பையோட வர்றாரு!” என்று ஒரு சத்தம். மலை முழுக்கக் கைகள் நின்றுவிட்டன. அத்தையின் மகன் கொழும்பில் கட்டட வேலையில் இருக்கிறான். பல வருஷத்துக்கு முன்னால் அத்தையின் கூடப்பிறந்த அண்ணன் இறந்த தந்தியைக் கொண்டு வந்ததும் அப்பாதான், அதுவும் இதே நேரத்தில். அத்தை கூடையை எறிந்துவிட்டுத் தேயிலைக்கு இடையில் சறுக்கிக்கொண்டு இறங்கி வந்தார். “யாருக்கு அண்ணே? எம் மவனுக்கா? சொல்லுங்க அண்ணே!”

அப்பா பையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டார். “யாருக்கும் ஒண்ணுமில்ல தாயி! எம் மக நடக்கச் சொல்லிச்சு. பின்னேரம் நடந்தா ரொம்ப நாள் இருக்கலாமாம். அதான் வந்தேன்.”

பிறகு அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு பிடித்தாரே ஒரு பிடி! “நடக்குறதுக்குப் பை எதுக்கு? ஆயுச அதுக்குள்ள போட்டுத் தூக்கிட்டு வர்றீங்களோ? நீங்க ரொம்ப நாள் இருக்கிறதுக்கு நாங்க இப்பவே போயிரணுமா?” மலையே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பையை ஆணியில் மாட்டிவிட்டு, “இனிமே இந்த நேரத்துல நான் பையத் தொட மாட்டேன். அந்தப் பொம்பள மூஞ்சியப் பாத்தியா?” என்றார்.

நான் விட்டேனா? பையில்லாமல், பின்பக்கப் பாதையால் முனியாண்டி கோயில் வளைவு வரைக்கும் போய் வரச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் போனுக்கு நன்றாக சிக்னல் கிடைப்பது அந்த வளைவில்தான். தினமும் மூன்றரைக்கு அங்கே கூப்பிடுவேன், போனை எடுத்தால் நடந்தீர்கள் என்று அர்த்தம் என்றேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போனேன்.

ஐந்து மாதம் அப்படிப் போனது. ஒரு கொப்பியில் நாள்வாரியாகக் குறித்து வைத்தேன்.

“நடந்தீங்களா?”

“நடந்தேம்மா.”

“எத்தன நிமிஷம்?”

“அரை மணித்தியாலம் இருக்கும்.”

“இருக்கும்னு சொல்லாதீங்கப்பா. மணியப் பாத்துச் சொல்லுங்க.”

“சரிங்க டீச்சர்.”

சில நாள் பேச்சுக்குப் பின்னால் தகரத்தில் மழை அடிக்கிற சத்தம் கேட்கும். வளைவில் கொழுந்து நிறுக்கிற கொட்டகை இருக்கிறது. “மழையாப்பா?” என்றால், “சின்னத் தூறல்தான்” என்பார். மலைநாட்டில் பின்னேரம் என்றால் பாதி நாள் மழைதான் என்பது அந்தக் கட்டுரைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனாலும் நான் நேரத்தை மாற்றவில்லை.

போன மாதம் ஒரு காலையில், ஆபிஸ் வளைவில் அப்பா உட்கார்ந்தவர் எழும்பவில்லை என்று செய்தி வந்தது. தோட்டத்து லொறியில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டார்கள். நான் ஓடி வந்தேன். காலையில் அங்கே என்ன வேலை என்று அம்மாவைக் கேட்டேன். காற்று வாங்கப் போனார் என்றார். வாட்டில் இரண்டு நாள் அப்பாவின் பக்கத்திலேயே இருந்தேன். இரண்டாம் நாள் கொஞ்சம் தெளிவாகப் பேசினார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, “மூணரை ஆச்சு. நடக்காமக் கெடக்கேன். கொப்பியில எழுதிறாத” என்றார். அதுதான் அப்பா என்னிடம் கடைசியாகச் சிரித்தது.

தேறிவிட்டார் என்று நம்பி, பிள்ளைகளின் பரீட்சைக்காக நான் நுவரெலியாவுக்குத் திரும்பினேன். மறுநாள் பகல், நான் தங்கியிருந்த அறையில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. போன் அடித்தது. செல்லம்மா அத்தை.

“அம்மாடி, அடுப்புல ஏதும் வச்சிருக்கியா?”

நான் அடுப்பை அணைத்தேன். அதற்குப் பிறகு அத்தை ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அப்பா இத்தனை வருஷம் மற்ற வீடுகளுக்குக் கொண்டு போன செய்தி, அவருடைய சொற்களிலேயே எங்கள் வீட்டுக்கு வந்தது. அவருக்கு அறுபத்தாறு வயது.

சாவு வீட்டுக்குக் கீழ் டிவிசனில் இருந்து வந்த ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “காலையில அண்ணன் வராம எங்க லயமே வெறிச்சுன்னு கெடக்கு பாப்பா.”

“காலையிலயா?” என்றேன். அம்மாவைப் பார்த்தேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

காரியம் முடிந்த பிறகுதான் அம்மா சொன்னார். அப்பா தினமும் காலையில், பெரட்டு முடிகிற பழைய நேரத்துக்கே, பையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாராம். டவுனுக்கு இல்லை. தோட்டத்து ஆபிஸில் கேட்பாரில்லாமல் கிடக்கும் கடிதங்களை எடுத்துக்கொண்டு, படியேற முடியாத வயதானவர்களுக்குக் கொண்டு போய்க் கொடுப்பாராம். கிளினிக் நாள் எது என்று வாசித்துச் சொல்வாராம். ஒன்றும் இல்லாத நாளிலும் போய், ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வருவாராம்.

“நீங்க ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“சொல்ல வேணாம்னாரு. காலையில நடக்கக் கூடாதுன்னு நீதான் சொல்லியிருந்தியே. பிள்ள மனசு ஒடஞ்சிரும்னாரு.”

“அப்ப பின்னேரம்?”

“அதையும் விடலையே. ரெண்டு மணிக்கே சட்டையப் போட்டுக்கிட்டு உக்காந்திருவாரு. ஒன் போன் வர்றதுக்குக் கால் மணித்தியாலத்துக்கு முன்னாடியே கொட்டகையில போய் நிப்பாரு. மழைன்னாலும் நிப்பாரு.”

அதாவது, கொப்பியில் நான் எழுதியதெல்லாம் அப்பா நடந்த நேரம் இல்லை, எனக்காகக் காத்து நின்ற நேரம். ஊருக்காகக் காலையில் ஒரு நடை, மகளுக்காகப் பின்னேரம் ஒரு நடை. பலவீனமான இருதயத்தோடு ஒரு நாளைக்கு இரண்டு தடவை. முதல் நடையை நான் தவறு என்று சொல்லியிருந்தேன். இரண்டாவதை நான்தான் சுமத்தினேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய் வாட்டில் பார்த்த லேடி டொக்டரிடம் இதைக் கேட்டேன். இரண்டு தடவை நடந்ததுதான் காரணமா? காலை நேரமா? மழையா? அவர் என்னை உட்காரச் சொல்லி, சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். உங்கள் அப்பாவின் இருதயம் ஏற்கெனவே மிகவும் களைத்திருந்தது. நடந்ததால்தான் இவ்வளவு நாள் வந்திருக்கலாம். நடக்காமல் இருந்திருந்தால் முன்னமே போயிருக்கலாம். எந்த நேரம் நல்லது என்பதற்கு உங்கள் அப்பா ஒருவரை வைத்து என்னால் பதில் சொல்ல முடியாது, மகள்.

மறுபடியும் அதே “லாம்.” இந்தத் தடவை அதை வழியில் விட்டுவிடாமல் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அதை வைத்துக்கொண்டு இருப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது. என் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை, கிடைக்கப்போவதும் இல்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. அப்பாவுக்குக் காலை என்பது ஊர், பின்னேரம் என்பது நான். நேரத்தைப் பற்றி நான் இவ்வளவு படித்தும், இதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்து அவரைத் தூக்கி லொறியில் ஏற்றிய பெண்களுக்கும், மலை வேலையை விட்டுவிட்டு ஓடி வந்த கங்காணி மாமாவுக்கும், வாட்டில் பார்த்த டொக்டருக்கும் நர்ஸ் மிஸ்மாருக்கும், பச்சை ஓலையில் பாடை கட்டிக் கடைசி வரை தோள் கொடுத்த தம்பிமாருக்கும், பதினாறு நாளும் எங்கள் அடுப்பில் உலை ஏறாமல் சோறு கொண்டு வந்த லயத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் அம்மாவும் நானும் கும்பிடு சொல்கிறோம். செல்லம்மா அத்தைக்கு நன்றி என்று எழுதினால் கையை ஓங்குவார். ஆனாலும் எழுதுகிறேன். அந்தப் போனை அப்படிப் பேச வேறு யாராலும் முடிந்திருக்காது அத்தை.

இன்று வீட்டுக்கு வந்தவர்கள் இந்த மலரைக் கையிலேயே வாங்கிக்கொள்வீர்கள். வர முடியாதவர்கள் நிறையப் பேர். மேல் டிவிசனில் நடக்க முடியாமல் இருப்பவர்கள், கீழ் டிவிசனில் அப்பாவின் காலைக்காக இன்னும் வாசலைப் பார்ப்பவர்கள். அவர்களுக்கு நானே கொண்டு வரப்போகிறேன். அப்பாவின் பையில் இருந்த கிழிசலை அம்மா தைத்துக் கொடுத்துவிட்டார். ஆபிஸ் பெட்டியில் கிடக்கிற கடிதங்களையும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். வரிசைப்படி முதலில் கீழ் டிவிசன், அப்புறம் மேல் டிவிசன். எங்கள் லயம் கடைசி.

நாளைக்குப் பின்னேரம் மூன்றரை மணிக்குக் கிளம்புகிறேன். காலையில் வந்தால் யாரும் பயப்பட மாட்டார்கள் என்பது தெரியும். ஆனால் அந்தப் பின்னேரத்தை அப்பா பாதியில் விட்டுவிட்டு வந்தார். செல்லம்மா அத்தையின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார். அதை நடந்து முடிக்க முடிகிறதா என்று பார்க்கிறேன். ஒரு நாள் நடந்தால் போதாது. லீவில் வருகிற ஒவ்வொரு சனிக்கிழமையும் நடந்தால், அந்த நேரத்துப் பை கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஏதாவது ஆகலாம். ஆகாமலும் போகலாம்.

இன்று இதை வாசிக்கிறவர்கள் லயத்துக்குப் போய்ச் சொல்லி வையுங்கள். நாளை மூன்றரைக்குப் பை வரும். மலையில் நிற்கிறவர்கள் கூடையைப் போட்டுவிட்டு இறங்க வேண்டாம். வீட்டில் இருக்கிறவர்கள் அடுப்பை அணைக்க வேண்டாம். தேத்தண்ணி கொதிக்கட்டும். நான் வந்து குடிக்கிறேன்.